துக்கம் விசாரிக்க ஆள் வராத இழப்பு

ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது. சோறும் காப்பியும் பக்கத்து வீட்டிலிருந்தோ உறவுக்காரர் வீட்டிலிருந்தோ வரும். வாசலில் பந்தல் போட்டு நாற்காலிகளை வரிசையாகப் போடுவார்கள். வருகிறவர் பேச வேண்டும் என்றுகூட இல்லை. சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ‘போய் வருகிறேன்’ என்று சொல்லாமல் எழுந்து போவதே முறை. பால் தெளிப்பு, கருமாதி, முதல் வருடத் திதி என்று நாள்கள் எண்ணப்படுகின்றன. அந்த எண்ணிக்கைக்குள் அழுகிறவருக்கு அழுவதற்கு ஓர் இடமும், அழுது முடித்து எழுந்திருக்க ஒரு கெடுவும் கிடைத்துவிடுகின்றன.

மணமுறிவு நேர்ந்த வீட்டுக்கு இப்படி ஒரு முறையும் கிடையாது. பத்து ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த மனிதரை, அவரோடு சேர்ந்து கட்டிய வீட்டை, பழகிய தெருவை, மாமியார் வீட்டுச் சொந்தங்களை, எதிர்காலத்தைப் பற்றிப் போட்டு வைத்திருந்த கணக்குகளை ஒரு பெண் ஒரேயடியாக இழக்கிறாள். ஆனால் யாரும் சோறு கொண்டு வருவதில்லை. வருகிறவர்கள் கேள்விகளோடு வருகிறார்கள்: ‘என்னதான் நடந்தது?’, ‘கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாமே?’, ‘குழந்தையை நினைத்துப் பார்த்தாயா?’ துக்க வீட்டில் யாரும் கேட்கத் துணியாத கேள்விகள் இந்த வீட்டில் முதல் நாளே கேட்கப்படுகின்றன. மணமுறிவைச் சந்திக்கும் பெண்களின் மனம் தேறுவதற்கு ஏன் இத்தனை காலம் பிடிக்கிறது என்று யோசிக்கும்போது, அவர்களுடைய மன உறுதியில் குறை தேடுவதைவிட, துக்கமாகவே ஏற்கப்படாத ஒரு துக்கத்தை அவர்கள் சுமக்க வேண்டியிருக்கிறது என்ற இந்த உண்மையிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் துணிபு.

இழப்பின் அளவைப் பற்றி ஆய்வாளர்களுக்கு ஐயம் இல்லை. 1967-ல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரு அமெரிக்க மனநல ஆய்வாளர்கள், வாழ்க்கை நிகழ்வுகள் ஒரு மனிதர் மீது ஏற்றும் சுமையை எண்களால் அளக்கும் அட்டவணை ஒன்றை வெளியிட்டார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு அதில் 100 புள்ளிகள். அடுத்த இடம் மணமுறிவுக்கு, 73 புள்ளிகள். மூன்றாவது இடம் கணவன் மனைவி பிரிந்து வாழத் தொடங்குவதற்கு, 65 புள்ளிகள். சிறைவாசம்கூட இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது. பிரிவும் மணமுறிவும் ஒருவர் வாழ்வில் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாக வருகிறவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் சுமையின் கனம் விளங்கும்.

நம் நாட்டில் இந்த இரண்டுக்கும் இடையில் பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மணமுறிவு பெற்றவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். சட்டப்படி முறிக்காமல் பிரிந்து வாழ்பவர்களின் எண்ணிக்கை அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இரு பிரிவிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். ஒவ்வொரு முறிவிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருக்கையில் எண்ணிக்கை எப்படி வேறுபடும் என்று கேட்டால், ஆண்கள் மறுமணம் செய்துகொண்டு அந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள், பெண்கள் அதிலேயே இருக்கிறார்கள் என்பதே முதன்மையான விடை.

அப்படி இருந்துவிடும் பெண்ணுக்குத் தமிழில் ‘வாழாவெட்டி’ என்று ஒரு சொல் உண்டு. கணவன் வீட்டில் வாழாமல் தாய் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் என்று பொருள். இதற்கு ஆண்பால் கிடையாது. மனைவியைப் பிரிந்த ஆண் வெறுமனே ஆணாகவே தொடர்கிறார். பிரிந்த பெண்ணுக்கு மட்டும் மொழி ஒரு பெயரை எடுத்து வைத்திருக்கிறது. அரசு வழங்கும் சான்றிதழிலும் அவள் ‘கணவனால் கைவிடப்பட்ட பெண்’. தானே வெளியேறி வந்தவளுக்கும் அதே சொல்தான்.

மணமுறிவு நம் சமூகத்துக்குப் புதிது என்பதும், மேற்கிலிருந்து வந்து தொற்றிக்கொண்டது என்பதும் அடிக்கடி காதில் விழும் பேச்சுகள். அது உண்மையில்லை. தமிழ்நாட்டின் பல சாதிகளில் ‘அறுத்துக் கட்டுவது’ இயல்பான வழக்கமாக இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசித் தீர்த்துவிட்டு இருவரும் வேறு துணை தேடிக்கொண்டார்கள். ஊரார் முன்னிலையில் ஒரு துரும்பைக் கொடுத்து உறவை முடித்துக்கொண்ட வழக்கம் கள்ளர் முதலான சமூகங்களில் இருந்தது. பழைய அகராதிகளில் ‘துரும்பு கொடுத்தல்’ என்பதற்கு மணவிலக்குச் செய்தல் என்ற பொருளே இருக்கிறது. 1955-ல் வந்த இந்து திருமணச் சட்டமும் தன் 29-வது பிரிவில் இத்தகைய வழக்காற்று மணவிலக்குகளை விட்டுவைத்திருக்கிறது. அந்தப் பஞ்சாயத்துகளில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆண்கள்தாம். பெண்ணுக்கு அங்கே நியாயம் கிடைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஊர் கூடி, ஒரு பொருளைக் கைமாற்றி, ‘இது முடிந்தது’ என்று எல்லோரும் அறியச் சொல்லும் ஒரு செயல் அங்கே இருந்தது. இன்று அந்த இடத்தில் நீதிமன்றத் தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகல் ஒன்று மட்டும் இருக்கிறது.

சமூகம் ஏற்றுக்கொள்ளாத, வெளிப்படையாகத் துக்கம் காக்க இடம் தராத இழப்புகளைப் பற்றி கென்னத் டோக்கா என்ற அறிஞர் 1989-ல் விரிவாக எழுதினார். கருச்சிதைவு, வெளியில் சொல்ல முடியாத காதலரின் மரணம் ஆகியவற்றோடு மணமுறிவையும் இந்த வகையில் சேர்ப்பார்கள். இவற்றில் துக்கப்படுகிறவர் துக்கத்தோடு சேர்த்து அதை மறைக்கும் வேலையையும் செய்ய வேண்டியிருக்கிறது. போலின் பாஸ் என்ற மற்றோர் அறிஞர், முடிவு தெரியாத இழப்பு என்ற கருத்தை வளர்த்தெடுத்தவர். போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்களைப் பார்த்து அவர் கண்டுகொண்டது, ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெளிவாகாத வரை துக்கம் உறைந்து நின்றுவிடுகிறது என்பது. மணமுறிவில் இழந்த மனிதர் உயிரோடு இருக்கிறார். வாட்ஸ்அப்பில் அவருடைய முகப்புப் படம் மாறுகிறது. பொதுவான உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் எதிர்ப்படுகிறார். குழந்தையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார். இறந்தவரைப் பற்றி யாரும் ‘மறுபடியும் சேர்ந்து வாழலாமே’ என்று சொல்வதில்லை. இவரைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள்.

நீதிமன்றமும் சொல்கிறது. 1984-ம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், வழக்கின் தொடக்கத்திலேயே இருவரையும் இணக்கத்துக்குக் கொண்டுவர முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்கியிருக்கிறது. அதற்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2005-ல் தொடங்கிய சமரச மையம், நீதிமன்றத்தோடு இணைந்து இந்தியாவில் உருவான முதல் மையம். குடும்ப வழக்குகள் அங்கும் அனுப்பப்படுகின்றன. இந்த ஏற்பாட்டின் நோக்கத்தில் நான் குறை காணவில்லை. ஆத்திரத்தில் போட்ட மனுவைத் திரும்பப் பெற்று நலமாக வாழ்கிறவர்கள் உண்டு. சேர்ந்து வாழ்வது கைகூடாதபோதும், நகை, ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு ஆகியவற்றைச் சண்டையில்லாமல் பேசி முடிக்க இந்த மேசைகள் உதவியிருக்கின்றன. ஆனால் பல மாதங்கள் யோசித்து, பயந்து, ஒருவழியாக முடிவுக்கு வந்து நிற்கும் பெண், அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் ஒருமுறை, ஆலோசகரிடம் ஒருமுறை, சமரச மையத்தில் ஒருமுறை, நீதிபதியின் முன்னால் ஒருமுறை என்று அதே கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருப்பது, ஆறிவரும் புண்ணின் பக்கை ஒவ்வொரு வாய்தாவிலும் உரித்துப் பார்ப்பதைப் போன்றது. வாய்தாவுக்கு முந்தின இரவு தூக்கம் வராது. வாய்தா தள்ளிப்போனால் மனமும் அடுத்த தேதிக்குத் தள்ளிப்போகும்.

இருவரும் ஒத்துப் பிரிவதற்கான 13-பி பிரிவு 1976-ல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பின் ஆறு மாதங்கள் பொறுத்திருந்து, மறுபடியும் வந்து விருப்பத்தை உறுதி செய்ய வேண்டும். இந்த ஆறு மாதக் காத்திருப்பு கட்டாயமில்லை, ஏற்கெனவே நீண்ட காலம் பிரிந்திருந்து, சேர்த்து வைக்கும் முயற்சிகள் தோற்று, பணம், குழந்தை பற்றிய எல்லாம் பேசி முடிக்கப்பட்டிருந்தால் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீட்க முடியாதபடி முறிந்துபோன மணங்களை, அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றமே நேரடியாக முடித்துவைக்கலாம் என்று 2023 மே மாதத்தில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது. ஒரு தரப்பு மறுத்து வழக்காடும்போது, உச்ச நீதிமன்றம் வரை போனாலன்றி, இந்தக் கணக்குகள் உதவாது, ஆண்டுகள் ஓடும். கிறிஸ்தவப் பெண்களுக்கு 2001 வரை சட்டமே வேறு அளவுகோல் வைத்திருந்தது: கணவன் கொடுமை செய்தார் என்பது மட்டும் போதாது, அதோடு பிறன்மனை உறவையும் சேர்த்து அவள் நிரூபிக்க வேண்டியிருந்தது. முஸ்லிம் பெண் தானே கேட்டுப் பெறும் குலா மணவிலக்கை ஜமாத் சான்றிதழால் மட்டும் உறுதிசெய்ய முடியாது, குடும்ப நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. எந்த மதத்தவராக இருந்தாலும் சட்டத்தின் கடிகாரம் ஒரு வேகத்தில் ஓடுகிறது, மனத்தின் கடிகாரம் வேறு வேகத்தில் ஓடுகிறது. தீர்ப்பு வரும்வரை துக்கத்தைத் தொடங்கக்கூட முடியாமல் இருக்கிறவர்கள் உண்டு. தீர்ப்பு வருவதற்கு வெகு காலம் முன்பே அழுது முடித்துவிட்டு, வாய்தாவுக்காக மட்டும் பழைய முகத்தை மாட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

இதில் பலருக்குத் தெரியாத ஓர் உரிமையைச் சொல்லிவிட வேண்டும். குடும்ப நீதிமன்றத்தில் இரு தரப்பில் ஒருவர் கேட்டுக்கொண்டாலே விசாரணையை மூடிய அறையில் நடத்தியாக வேண்டும் என்று குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 11-வது பிரிவு சொல்கிறது. படுக்கையறையில் நடந்ததைப் பத்துப் பேர் காதுபட சொல்ல நேருமோ என்ற பயத்திலேயே வழக்கைத் தவிர்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். வக்கீலிடம் இதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

எனக்குத் தங்கை முறையாகும் ஒரு பெண்ணின் சீர்ப் பொருள்கள் திரும்பி வந்த நாளில் நான் உடனிருந்தேன். பேச்சுவார்த்தை முடிந்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட பட்டியலோடு அவை ஒரு குட்டி யானை வண்டியில் வந்து இறங்கின. பீரோ, கட்டில், கிரைண்டர், குத்துவிளக்கு ஒரு ஜோடி, எவர்சில்வர் குடம் இரண்டு, அண்டா ஒன்று. வாசலில் நின்று அவளுடைய தம்பி பட்டியலை உரக்கப் படிக்க, அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தாள். மாடி வீட்டுக்காரர்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பாத்திரத்திலும் அவளுடைய பெயரும் அவருடைய பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டப்பட்டிருந்தன. ஒரு சம்படத்தைத் திறந்தபோது உள்ளே பாதி அளவுக்குத் துவரம்பருப்பு இருந்தது. கடைசியாக அந்த வீட்டில் அவள் வாங்கிப் போட்ட பருப்பு. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையின்போதுகூட அழாதவள், அந்தச் சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அம்மா பதறிப்போய், ‘எல்லாத்தையும் நாளைக்கே பாத்திரக் கடையில போட்டு மாத்திடலாம்டி’ என்றார். அவள் வேண்டாம் என்றாள். ‘இது என் அப்பா வாங்கிக் கொடுத்தது. எதுக்கு மாத்தணும்?’

வீட்டார் பாத்திரத்தை மறைத்துவிட்டால் துக்கம் மறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அவர்களும் பாவம், வேறு என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரிவதில்லை. தாய் வீட்டில் அவளுடைய அறை இப்போது அண்ணன் பிள்ளைகளின் அறையாகியிருக்கிறது. அண்ணி நல்லவராகவே இருந்தாலும், இந்த வீட்டில் தன் இடம் எது என்ற கேள்வி சமையலறையில் தினமும் எழுகிறது. வளைகாப்பில் வளையல் போட அழைப்பு வருமா, மாப்பிள்ளை அழைப்பில் ஆரத்தித் தட்டைத் தன் கையில் கொடுப்பார்களா என்று அவள் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கணக்குப் போடுகிறாள். தாலியைக் கழற்றுவதற்குச் சடங்கு இல்லை. பெரும்பாலும் ஒரு நாள் குளியலறையில், தனியாக, அது நடக்கிறது. பிறகு கழுத்து வெறுமையாகத் தெரியக் கூடாதென்று ஒரு மெல்லிய சங்கிலி.

காகிதங்களும் அவளை விடுவதில்லை. ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, குழந்தையின் பள்ளிப் படிவம் என்று ஒவ்வோர் இடத்திலும் கணவர் பெயருக்கு ஒரு கட்டம் காத்திருக்கிறது. குடும்ப அட்டையில் பழைய வீட்டிலிருந்து பெயரை நீக்கினால்தான் புதிய இடத்தில் சேர்க்க முடியும். கடவுச்சீட்டு விதிகள் 2016 டிசம்பரில் தளர்த்தப்பட்டு, மணமுறிவு பெற்றவர் துணையின் பெயரைத் தர வேண்டியதில்லை என்றும், குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்றும் ஆனது. கணவரின் கையெழுத்து வேண்டும் என்று ஒரு பெண்ணின் கடவுச்சீட்டு விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்ட வழக்கில், அப்படிக் கேட்பது பெண்ணைக் கணவனின் உடைமையாகப் பார்க்கும் மனநிலை என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது. இவற்றை நான் மனநலம் பற்றிய கட்டுரையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கட்டத்தையும் தன் பெயரால் நிரப்பி முடிக்கும்போது, நான் தனி ஆள் என்ற நம்பிக்கை ஒரு படி உறுதிப்படுகிறது என்று, இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மனம் தேறும் வழி எப்படி இருக்கும் என்பதைப் பற்றி ஒரு தவறான சித்திரம் பரவலாக இருக்கிறது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து படிகளை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அவை எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர், சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் பேசி 1969-ல் எழுதியவை. மணமுறிவுக்கென்று சொல்லப்பட்டவை அல்ல. இதை அறியாத பெண், ஐந்தாவது படிக்கு வந்துவிட்டதாக நினைத்திருந்த தான் ஒரு பழைய பாட்டைக் கேட்டதும் இரண்டாவது படிக்கு விழுந்துவிட்டதாக எண்ணித் தன்னையே நொந்துகொள்கிறாள். மணமுறிவை நெடுங்காலம் ஆராய்ந்த ராபர்ட் எமெரி என்ற உளவியலாளர் தரும் சித்திரம் அனுபவத்துக்கு நெருக்கமானது. அன்பு, கோபம், சோகம் ஆகிய மூன்றும் மாறி மாறிச் சுழன்று வரும். ஒன்று மேலோங்கும்போது மற்றவை அடங்கியிருக்கும். காலப்போக்கில் சுழற்சி நிற்பதில்லை, அதன் வீச்சு குறைகிறது. தன்னை அடித்தவரை நினைத்து ஓர் இரவு ஏங்குவது பைத்தியக்காரத்தனம் அல்ல, அன்பின் முறை அன்று வந்திருக்கிறது என்பதைப் புரிந்துகொள்வதே ஒரு பெண்ணுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும். அந்த ஏக்கம் திரும்பிப் போக வேண்டும் என்பதற்கான அறிகுறியும் ஆகாது.

‘மனசுல இருக்கறதை எல்லாம் எழுதிக் கொட்டிடு’ என்பதும் எல்லோருக்கும் பொருந்தும் மருந்தல்ல. அண்மையில் துணையைப் பிரிந்தவர்களிடம் டேவிட் ஸ்பாரா முதலான ஆய்வாளர்கள் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ‘ஏன் இப்படி ஆயிற்று’ என்று விடாமல் பொருள் தேடிக்கொண்டிருந்தவர்கள் தம் உணர்ச்சிகளை ஆழமாக எழுதியபோது, சில மாதங்கள் கழித்தும் தேறாமலே இருந்தார்கள். அவர்களைப் போன்றவர்களே, அன்றாடம் என்ன செய்தோம் என்பதை மட்டும் உணர்ச்சி கலக்காமல் எழுதியபோது நன்றாகத் தேறினார்கள். எத்தனை மணிக்கு எழுந்தேன், என்ன சமைத்தேன், எந்தப் பஸ்ஸில் போனேன் என்று எழுதும் குறிப்பு, சிதறிக்கிடக்கும் நாள்களைத் திரும்பக் கோக்கிறது. அதே குழுவினர் 2012-ல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், தம் பிரிவைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசியவர்களின் ஒலிப்பதிவைக் கேட்டு மதிப்பிட்டபோது, தம்மைத் தாமே ஏசிக்கொள்ளாமல் கனிவோடு பேசியவர்கள் பல மாதங்களுக்குப் பிறகும் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தது தெரியவந்தது. நம் பெண்களுக்கு இது கடினமான பாடம். தவறு எங்கே நடந்தாலும் பொறுப்பைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளவே அவர்கள் வளர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

வன்முறை இருந்த மணங்களில் மனம் தேறுவதற்கு முன்னால் உயிர் பத்திரமாக இருக்க வேண்டும். பெண் பிரிந்து போகும் காலமே ஆபத்து கூடும் காலம் என்பது இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அறிந்தது. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் தான் வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையைப் பெண் கேட்கலாம். பாதுகாப்பு ஆணை பெறலாம். மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற மகளிர் உதவி எண் நாள் முழுவதும் இயங்குகிறது. ‘ஒருங்கிணைந்த சேவை மையம்’ என்ற சகி மையங்களில் தற்காலிகத் தங்குமிடம், மருத்துவம், சட்ட உதவி, மன ஆலோசனை ஆகியவை ஒரே இடத்தில் கிடைக்கும். இத்தகைய வழக்கில் ‘சேர்த்து வைக்கிறேன்’ என்று புறப்படும் உறவினர், தம்மை அறியாமலே தீங்கு செய்கிறார்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் ஆறுதலைப் பற்றிப் பேசுவது வெறும் பேச்சு. அடுத்த மாத வாடகைக்கு வழி தெரியாத பெண்ணிடம் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வதில் பொருளில்லை. இடைக்கால ஜீவனாம்சம் கேட்கச் சட்டத்தில் பல வழிகள் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு இப்போது 2023-ம் ஆண்டின் புதிய சட்டத்தில் 144-வது பிரிவாக இருக்கிறது. இரு தரப்பும் தம் வருமானத்தையும் சொத்தையும் கடனையும் உறுதிமொழிப் பத்திரத்தில் காட்ட வேண்டும், ஜீவனாம்சம் மனுப் போட்ட நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. வக்கீல் கட்டணத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: 1987-ம் ஆண்டின் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண் என்ற ஒரே தகுதியில் இலவச சட்ட உதவி பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும்; தொலைபேசி எண் 15100. வருமானம் இல்லாமல் பிரிந்து வாழும் பெண்களுக்குத் தமிழ்நாடு அரசின் மாத ஓய்வூதியமும் உண்டு. அதற்குச் சட்டப்படி மணமுறிவு பெற்றிருக்க வேண்டும், அல்லது குறைந்தது ஐந்தாண்டுகள் கைவிடப்பட்டவராக இருக்க வேண்டும். அந்த ஐந்தாண்டுகளைக் கடப்பது எப்படி என்பது அந்தப் பெண்ணுக்கும் அவளைத் தாங்குகிறவர்களுக்கும் விடப்பட்டிருக்கிறது.

குழந்தைகளைப் பற்றி ஒன்று மட்டும். ‘அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்’ என்ற பொய், குழந்தையை வாசலிலேயே காத்திருக்க வைக்கிறது. அம்மாவும் அப்பாவும் இனி ஒரே வீட்டில் இருக்க மாட்டார்கள், இது உன்னால் நடந்ததில்லை, நாங்கள் இருவரும் உனக்கு அம்மா அப்பாதான் என்பதை வயதுக்கேற்ற சொற்களில் திரும்பத் திரும்பச் சொன்னால் குழந்தை தாங்கிக்கொள்ளும்.

துக்கத்துக்கும் நோய்க்கும் இடையிலுள்ள கோட்டை வீட்டார் கவனித்தே ஆக வேண்டும். அழுவதும், கோபப்படுவதும், சில நாள்கள் யாரையும் பார்க்கப் பிடிக்காமல் கிடப்பதும் துக்கம். இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, விருப்பமான எதிலும் மனம் ஒட்டாமல், குளிக்கவும் தலை வாரவும்கூட முடியாமல் போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம். ‘நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி’ என்ற வகையில் ஒரு சொல் விழுந்தாலும் அதைச் சும்மா சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நேரடியாகக் கேட்க வேண்டும், தனியே விடக் கூடாது, அன்றே உதவி தேட வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவையின் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டால் அதைக் காட்டியே குழந்தையைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற அச்சம் பல பெண்களைத் தடுக்கிறது. சிகிச்சை எடுத்து நலமாக இருப்பது, எடுக்காமல் முடங்கிக் கிடப்பதைவிட எந்த நீதிமன்றத்திலும் வலுவான நிலை.

உடனிருப்பவர்கள் செய்யக்கூடியவை பெரும்பாலும் சிறியவை. வாய்தாவுக்குத் துணையாகப் போய் வராந்தாவில் உட்கார்ந்திருப்பது. தண்ணீர் பாட்டிலும் இரண்டு வாழைப்பழமும் எடுத்துப் போவது, ஏனென்றால் காலை பத்து மணிக்குப் போனால் அழைப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அன்று குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது. ஆவணங்களை நகலெடுத்து ஒரு கோப்பில் தேதி வாரியாக அடுக்கிக் கொடுப்பது. மறுமணப் பேச்சை அவளே எடுக்கும்வரை எடுக்காமல் இருப்பது. கணவரை வசை பாடாமல் இருப்பதும் இதில் சேரும். அவரை ஒரு காலத்தில் நேசித்தவள் அவள், அவரைத் திட்டும் ஒவ்வொரு சொல்லிலும் அவளுடைய தேர்வும் சேர்ந்தே திட்டு வாங்குகிறது. இதையெல்லாம் கடந்து வந்த மற்றொரு பெண்ணை அறிமுகப்படுத்த முடிந்தால் அது எந்த அறிவுரையையும்விடப் பெரிது. மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அப்படிப்பட்டவராக இருப்பது அரிதில்லை. யாரும் முதலில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

தங்கையின் வழக்கில் தீர்ப்பு வந்த அன்று மாலை வீடு அமைதியாக இருந்தது. அம்மா படுத்துவிட்டார், தம்பி வெளியே போய்விட்டான். மேல்முறையீட்டுக்குத் தொண்ணூறு நாள் கெடு இருக்கிறது என்று வக்கீல் சொன்னதைத் தவிர யாரும் எதுவும் பேசவில்லை. ஏழு மணிக்கு மேல் அடுத்த தெருவிலிருந்து பெரியம்மா வந்தார். ஒரு தூக்குவாளியில் ரசமும், பாத்திரத்தில் சோறும், வாழையிலையில் சுற்றிய அப்பளமும் கொண்டு வந்திருந்தார். சமையலறைக்குள் போய்த் தட்டெடுத்துப் பிசைந்து கையில் கொடுத்தார். அவள் பாதி சாப்பிட்டுவிட்டு அழத் தொடங்கியபோது முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதையும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, போய் வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போனார். மறுநாள் காலையில் காப்பியோடு மறுபடியும் வந்தார்.